சிட்டுவின் முதுகு

போன மாதம், கால்நடை ஆய்வாளராகப் புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பெண் என் எண்ணை யாரிடமோ வாங்கிப் போன் செய்தாள். ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரை ஒன்று படிக்கட்டில் சறுக்கி முதுகில் அடிபட்டிருக்கிறதாம். “சார், எத்தனை நாள்ல சேணம் போடலாம்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்றாள். நாள் கணக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சாயங்காலம் கூப்பிடு கண்ணு” என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசினோம். பேசியதை எழுதிக் கொடுத்தால் நல்லது என்று கேட்டாள். எழுத உட்கார்ந்தபோது, அவள் கேட்காத சிலதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் ஓமலூர்ப் பக்கத்துக்காரன். பள்ளிப் படிப்புக்குப் பிறகு ஒரு வருடப் பயிற்சி. அதில் மாடு, எருமை, ஆடு, கோழி எல்லாம் இருந்தன. குதிரைக்கு நாலு பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று வாத்தியார் தாண்டிவிட்டார். சமவெளியில் மூன்று ஊர்களில் மாட்டுக்குச் சினை ஊசியும் கோழிக்குத் தடுப்பு மருந்தும் போட்டுக்கொண்டிருந்த என்னை ஏற்காட்டுக்கு மாற்றினார்கள். முதல் வருடம் முழுக்கக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாறுதல் கேட்டு மனு எழுதினேன். அப்புறம் எழுதுவதை விட்டுவிட்டேன். பதினெட்டு வருடம் அங்கேயே இருந்தேன். மலையில் எல்லாரும் என்னைக் ‘கம்பவுண்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

டாக்டர் ரேவதி எங்கள் மருந்தகத்துக்கு வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு இருபத்தேழு இருக்கலாம். அதுதான் முதல் வேலை. வந்த வாரத்திலேயே மக்கள் அவரைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசினார்கள். காரணம், நோயுற்ற மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் உடனே தொட மாட்டார். நாலைந்து அடி தள்ளி நின்று சும்மா பார்ப்பார். ஐந்து நிமிடம் ஆகும். பிறகு சொந்தக்காரரிடம், “நேத்து எப்படி இருந்துச்சு? முந்தாநாள்?” என்று ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவார். கடைசியாக அது நன்றாக இருந்த நாள் எது என்று தெரிந்த பிறகுதான் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கிட்டே போவார்.

எங்கள் பதிவேட்டில் ‘நல்ல முன்னேற்றம்’, ‘பரவாயில்லை’ என்றெல்லாம் எழுதுவது அதுவரை வழக்கம். அவர் வந்து அதை நிறுத்தினார். “என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க பழனிசாமி. என்ன நினைச்சீங்கங்கறது வேண்டாம்” என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். குரல் எவ்வளவு இறங்குகிறதோ, நாங்கள் செய்த தப்பு அவ்வளவு பெரியது.

கரடியூரைத் தாண்டி ஓர் இறக்கத்தில் ஏழெட்டு வீடுகள் அப்போது இருந்தன. ரோடு கிடையாது. மலைக்காரர்கள் விளைவிக்கும் காப்பி, மிளகு, ஆரஞ்சு எல்லாம் ஒற்றையடிப் பாதையில்தான் மேலே ரோட்டுக்கு வர வேண்டும். அந்தச் சுமையைக் கொண்டுவந்தது நல்லம்மாவும் அவருடைய மட்டக்குதிரை சிட்டுவும். நல்லம்மாவின் வீட்டுக்காரர் பார்த்த தொழில் அது. அவர் இறந்ததும் கொழுந்தன் குதிரையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். நல்லம்மா கொடுக்கவில்லை. தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த மலையில் பொதிக்குதிரை ஓட்டிய வேறொரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை நாள். ஓடையை ஒட்டிய பாறையில் சிட்டுவின் பின்னங்கால்கள் சறுக்கிவிட்டன. இரண்டு பக்கமும் மூட்டை. உட்கார்ந்தபடி பின்னால் சாய்ந்து, பொதிச்சேணத்தின் மரச்சட்டத்தோடு பாறையில் முதுகு அடித்து விழுந்தது. எழுந்து நின்றது, ஆனால் நடக்கவில்லை. நல்லம்மா சுமையைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் அடிமேல் அடியாகக் குதிரையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் டாக்டரோடு நான் இறங்கிப் போனேன். டாக்டர் வழக்கம்போலத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு தன் பேனாவின் மூடியை எடுத்தார். குதிரையின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கழுத்தடியிலிருந்து இடுப்புவரை நீளமாக ஒரு தசை ஓடுகிறது. மழுங்கிய முனையால் அதன்மேல் மெல்லக் கோடு இழுத்தால், நலமான குதிரை முதுகை லேசாகத் தாழ்த்தி உடனே மேலே கொண்டுவந்துவிடும். வலி இருந்தால் வெடுக்கென்று தாழ்ந்து விலகும். இல்லையென்றால் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். விறைத்து நிற்பதைப் பார்த்து ‘அசையவில்லை, வலி இல்லை’ என்று நினைத்துவிடக் கூடாது என்று டாக்டர் எனக்குக் காட்டினார். சிட்டு விலகவும் செய்தது, விறைக்கவும் செய்தது. முதுகின் நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்கு வீக்கம். எலும்பின் நுனி தெறித்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வசதி இல்லை என்றார் டாக்டர்.

“ஏனுங்க டாக்டரம்மா, அவ மறுக்கா சொமப்பாளுங்களா?” என்று நல்லம்மா கேட்டார்.

“இப்ப எனக்குத் தெரியாதும்மா. ஆறு வாரம் முதுகுல ஒரு துணிகூடப் போடக் கூடாது. அதுக்கப்புறம் சொல்றேன்.”

வலிக்கு மருந்துப் பொடி கொடுத்தோம். ஒத்தடம் கொடுக்கச் சொன்னோம். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியது. தானாக மேய ஆரம்பித்தது. ஐந்தாவது வாரம் டாக்டருக்கு மெட்ராஸில் இரண்டு வாரப் பயிற்சி என்று ஆணை வந்தது. போகும்போது என்னிடம், “மருந்தை நிறுத்தி மூணு நாள் கழிச்சுத்தான் முதுகைத் தொட்டுப் பாக்கணும். நான் வந்து பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சரி என்றேன்.

அது கார்த்திகை. காப்பிப் பழம் சிவந்து கொட்டத் தொடங்கிவிட்டது. நல்லம்மா மருந்தகத்துக்கு ஏறி வந்தார். மலைக்காரர்கள் இன்னும் நாலு நாள் பார்ப்போம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். கொழுந்தன் குப்பனூர்ப் பக்கம் செங்கல் சூளைக்காரர் ஒருவரைக் குதிரையை விலைக்குப் பார்க்க அழைத்து வரப் போவதாகச் சொல்லியிருந்தார்.

“பாதிச் சொமை போட்டுக்கறேனுங்க. இறக்கத்துல நானே எறக்கி எடுத்துக்கறேன். நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க, அது போதும்.”

நான் போய்ப் பார்த்தேன். அந்த வாரம் குளிர் கடுமையாக இருந்தது. காலையில் சிட்டு விறைப்பாக நிற்கிறது என்று நல்லம்மா சொன்னதால், முந்தைய இரண்டு நாளும் நானே வலிப் பொடி கொடுத்தனுப்பியிருந்தேன். அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேனா மூடியால் கோடு இழுத்தேன். முதுகு அழகாகத் தாழ்ந்து எழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. டாக்டர் இல்லாமல் நான் ஒரு முடிவு சொல்லப் போகிறேன்.

“போடலாம்” என்றேன்.

மூன்றாம் நாள் காலை, காப்பி பறிக்கும் ஓர் ஆள் ஓடி வந்து, குதிரை பாதி வழியில் நின்றுவிட்டது என்றார். நான் போனபோது பாதையின் நடுவில் சிட்டு பின்னங்கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் விலாவெல்லாம் வேர்வை. தொடைத் தசை நடுங்கிக்கொண்டே இருந்தது. மூட்டைகளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நல்லம்மா அதன் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த ஐந்து நாள், டாக்டர் வரும்வரை, நான் சரியாகச் சாப்பிடவில்லை. பதிவேட்டில் அன்றைய வரியைக் காலியாக விட்டிருந்தேன். சேணம் போட்டதே நல்லம்மாவின் அவசரம் என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு நேரம் யோசித்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் வந்தார். காலியாக இருந்த வரியைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். இரண்டே கேள்வி கேட்டார்.

“கடைசியா மருந்து எப்ப போச்சு?”

“முந்தின நாள் சாயங்காலம்ங்க.”

“முதுகை எப்ப தொட்டுப் பாத்தீங்க?”

“மறுநாள் காலைலங்க.”

என் வாயிலிருந்தே அது வந்தது: “வலி போகலைங்கம்மா. மருந்து மறைச்சிருக்குது.”

குரல் மிக மிகத் தாழ்வாக, “எழுதுங்க” என்றார். நான் எழுதினேன். மருந்து கொடுத்த நேரம், சோதித்த நேரம், சேணம் போடலாம் என்று சொன்னவர் பெயர். கையெழுத்துப் போட்டேன். அவர் அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அவர் ஊரிலேயே இல்லாத நாளில் நடந்ததற்கு அவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானமே இருவரும் நல்லம்மா வீட்டுக்குப் போனோம். கொழுந்தனும் அங்கே இருந்தார். டாக்டர் வாசலில் கிடந்த சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“தப்பு எங்க ஆஸ்பத்திரியோடதும்மா. நாங்க போடலாம்னு சொன்னோம், அதனால நீங்க போட்டீங்க. உங்க மேல ஒரு குறையும் இல்லை.”

நல்லம்மா என் பக்கம் கையைக் காட்டினார். “அவரு சொன்னாருதானுங்க. சொல்லோணும்னு போயி நின்னது நாந்தானுங்களே. எனக்கும் நொம்ப அவசரம். ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி பங்கு போட்டுக்குங்க.”

கொழுந்தன் குறுக்கே வந்தார். “இனி என்னத்துக்குங்க இது? சூளைக்காரரு வரேன்னு சொல்லியிருக்காரு, தள்ளி விட்டுடலாமுங்க.”

“இன்னைக்கு இதை வாங்கறவர் ரெண்டு வாரத்துல இதை நடுரோட்டுல விட்டுட்டுப் போயிடுவார்” என்றார் டாக்டர். “எனக்கு மாசி வரைக்கும் டைம் குடுங்க. அப்பவும் ஆகலைன்னா நானே சொல்றேன்.”

“குடுக்கறமுங்க” என்றார் நல்லம்மா, கொழுந்தனைப் பார்க்காமலே.

நல்லம்மா வீடு வீடாகப் போய் மலைக்காரர்களிடம் பேசினார். அந்த வருடம் அவரவர் மூட்டையை அவரவரே தலையில் சுமந்து ரோட்டுக்கு ஏற்றினார்கள். நல்லம்மாவும் அவர்களோடு பழம் பறிக்கப் போனார், மூட்டை சுமந்தார். வேறு ஆளை அவர்கள் கூப்பிடவில்லை. ஒரு பெண் நேரில் வந்து, “இந்த வருசம் என்னால ஆவாதுங்க, அடுத்த வருசம் வரேன்” என்று சொன்னதற்கு அந்த ஏழெட்டு வீடுகள் கொடுத்த மரியாதை அது.

குதிரை வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மருந்தகம் திறக்கும் முன்பு, விடிந்ததும் வரும் முதல் பஸ்ஸில் கரடியூர் போய் இறங்கி நடப்பேன். முதல் மூன்று வாரம் ஓய்வு மட்டும். மருந்து படிப்படியாகக் குறைந்து நின்றது. மூன்று நாள் காத்திருந்து முதுகைப் பார்த்தோம். அதன் பிறகு சமதளத்தில் பத்து நிமிட நடை, காலையில் நான், மாலையில் நல்லம்மா. முதுகில் ஒன்றும் கிடையாது. தலையைத் தாழ்த்தி நடக்க விட வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்தால் முதுகு குழிந்துவிடும். பத்து நிமிடம் பதினைந்தாக ஒரு வாரம் ஆயிற்று.

டாக்டர் இரண்டு பயிற்சிகள் காட்டினார். முன்னங்கால்களுக்கு நடுவே, முட்டி உயரத்தில் ஒரு கேரட்டைப் பிடித்தால் சிட்டு தலையைக் கீழே கொண்டுவந்து வாங்கும். அப்போது முதுகு வில் மாதிரி மேலே வளையும். இன்னொன்று, வயிற்றின் அடியில் நடுக்கோட்டில் விரல் நுனிகளால் மெதுவாக அழுத்துவது. வயிற்றை எக்கி, முதுகை ஒரு விரற்கடை தூக்கும். ஐந்து தடவை, அதற்கு மேல் கூடாது. முதல் நாள் நான் அழுத்தியபோது சிட்டு திரும்பி என் ஸ்வெட்டர் தோளைக் கவ்விக் கிழித்தது. அதையும் பதிவேட்டில் எழுதச் சொன்னார் டாக்டர். ‘வயிற்றைத் தொட்டதும் கடித்தது’ என்று எழுதினேன். பத்து நாள் கழித்து, ‘வயிற்றைத் தொட்டேன்; கடிக்கவில்லை; காது மட்டும் பின்னால் போனது’ என்று எழுதினேன். அந்த வரியை எழுதியபோது இருந்த சந்தோஷம் பதவி உயர்வு வந்த நாளில்கூட எனக்கு இருந்ததில்லை.

தை மாதம் ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தோம். ஏற்றத்தில் பின்புறத் தசை உழைக்கும், முதுகுக்கு நல்லது. இறக்கம்தான் ஆபத்து, அதனால் சுற்று வழியாகச் சரிவு குறைந்த பக்கம் கூட்டி வருவோம். வெட்டிய சவுக்குக் கம்பங்கள் நாலைத் தரையில் இடைவெளி விட்டுப் போட்டு, ஒவ்வொன்றாகத் தாண்டி அடி வைக்கச் செய்தோம். முதல் வாரம் பின்னங்கால் குளம்பு ஒவ்வொரு கம்பத்திலும் இடித்தது. இடிக்கும் சத்தத்தை எண்ணி எழுதுவேன். எட்டு, ஏழு, எட்டு, ஐந்து. ஒரு நாள் சத்தமே இல்லை. கம்பங்களை நகர்த்திவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

சேணம் போடும் கட்டம் வந்தபோது டாக்டர் பழைய சேணத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கறுப்புக் கம்பளி ஒன்றைச் சிட்டுவின் முதுகில் விரித்து, அதன்மேல் கேழ்வரகு மாவைச் சீராகத் தூவச் சொன்னார். காலிச் சேணத்தை நேராக மேலே வைத்து, கையால் அழுத்தி, நேராக மேலே தூக்கினோம். இரண்டு பக்கமும் தூவின மாவு தூவினபடி இருந்தது. முதுகெலும்பின் மேல் மட்டும் மாவு நசுங்கி, மரச்சட்டத்தின் தடம் பதிந்திருந்தது. அது நல்லம்மாவின் வீட்டுக்காரர் முன்பு வைத்திருந்த பெரிய குதிரைக்குச் செய்த சேணம். இத்தனை வருடமாகச் சுமை முழுவதும் எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பாறை ஒரு நாள் செய்ததை இந்தச் சேணம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வைத்திருக்கிறது.

நல்லம்மா அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “இதத்தான் அவ அப்பப்ப நின்னு நின்னு சொல்லியிருக்கறா. நான் சண்டித்தனம்னு நெனச்சு அதட்டியிருக்கறேனுங்க.” அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சட்டத்தை ரம்பத்தால் குறைத்தோம். சாமை வைக்கோலைச் சாக்கில் திணித்து, எலும்புக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மெத்தையாக நல்லம்மாவே கோணி ஊசியால் தைத்தார். மறுபடி மாவு தூவிப் பார்த்தோம். மூன்று தடவை பிரித்துத் தைத்த பிறகு நடுவில் மாவு கலையாமல் நின்றது.

அதன் பிறகு வெறும் துணி நாலு நாள். காலிச் சேணம் ஒரு வாரம். பிறகு மணல் பைகள், பக்கத்துக்கு இரண்டு கிலோ. நாலு நாளுக்கு ஒரு தடவை கூட்டினோம். கூட்டின மறுநாள் காலையில் முதுகைப் பார்ப்பேன். கொஞ்சம் விறைப்பு இருந்தாலும் ஒரு படி இறங்குவோம். இரண்டு தடவை இறங்கினோம். நான் சலித்துக்கொண்டபோது நல்லம்மா, “ஏறத் தெரிஞ்சவளுக்கு எறங்கவும் தெரியோணுமில்லீங்க” என்றார்.

மாசிக் கடைசியில் மிளகு வந்தது. பக்கத்துக்கு ஒரு சிறு மூட்டையோடு சிட்டு முன்னால் நடந்தது. ரோடு வந்து சேர்ந்ததும் மூட்டைகளை இறக்கி, சேணத்தைக் கழற்றி, பேனா மூடியை எடுத்தேன். டாக்டர் அதை வாங்கித் தானே கோடு இழுத்தார். முதுகு தாழ்ந்து, மேலே வந்தது. மருந்து நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, “எழுதிக்குங்க” என்றார். அவ்வளவுதான்.

அந்த வருட ஆய்வுக்கு வந்த மேலதிகாரி பதிவேட்டைப் புரட்டி, கார்த்திகை மாதப் பக்கத்தில் நின்றார். “இதென்ன, தப்பு பண்ணிட்டுக் கையெழுத்தும் போட்டு வச்சிருக்கு? இவருக்கு மெமோ குடுத்தீங்களா?” என்று கேட்டார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

“இல்லை சார்” என்றார் டாக்டர். “உள்ளதை எழுதற ஆளு எனக்கு வேணும். மெமோ குடுத்தா அடுத்த தடவை இந்த ஆஸ்பத்திரில யாரும் எழுத மாட்டாங்க. கீழே என் கையெழுத்தும் இருக்கு சார், குடுக்கறதா இருந்தா எனக்கும் சேர்த்துக் குடுங்க.”

அதிகாரி பக்கத்தைத் திருப்பிவிட்டார். அந்தக் கையெழுத்து எதற்கு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அதன் பிறகு இருபது வருடத்துக்குக் கிட்ட வேலை பார்த்தேன். செய்த தப்பை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. என்னைப் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. மறைக்காமலும் பிழைக்கலாம் என்று ஒருவர் எனக்குக் காட்டியிருந்தார், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் காப்பிப் பருவம் முழுக்கச் சிட்டு வேலை செய்தது. அது முடிந்த கையோடு டாக்டருக்கு மாறுதல் வந்தது. கிளம்பும் நாள் காலையில் நல்லம்மா யாரும் சொல்லாமலே சிட்டுவோடு குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். டாக்டரிடம் சாமான் அதிகம் இல்லை. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, ஒரு மடக்குக் கட்டில். பெட்டிகள் புத்தகக் கனம். டாக்டர் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, திறந்து, பாதிப் புத்தகங்களை வெளியே எடுத்துத் தன் கையில் அடுக்கிக்கொண்டார். படுக்கை நல்லம்மாவின் தலைக்குப் போனது. கட்டிலை நான் எடுத்துக்கொண்டேன். பெட்டிகளைச் சிட்டு சுமந்தது. அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கினோம்.

கண்டக்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “ஏனுங்க, குதிரைய வெச்சுக்கிட்டு மூணு பேரும் செமந்துட்டு வரீங்க?”

நல்லம்மா படுக்கையை இறக்கி வைத்துவிட்டு, “அவளுக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்குதுங்களே” என்றார்.

டாக்டர் ரேவதி சத்தமாகச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. புத்தகங்கள் கையிலிருந்து சரியும் அளவுக்குச் சிரித்தார். நான் பொறுக்கிக் கொடுத்தேன். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என்னிடம், “வரேன் பழனிசாமி” என்றார். நன்றி சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். “சரிங்கம்மா” என்றேன்.

பஸ் உறுமத் தொடங்கியது. ஒன்றரை வருடமாக ‘டாக்டரம்மா’ என்றும் ‘ங்க’ போட்டுமே பேசி வந்த நல்லம்மா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“ஒடம்பப் பாத்துக்க கண்ணு” என்றார். “போற எடத்துல நேரா நேரத்துக்குச் சாப்புடு.”